பூஜைக்குப் பறிக்காத பூ

தில்லையில் தவமிருந்த வியாக்கிரபாத முனிவரின் வரலாற்றை அறியாத அன்பர் இருக்க முடியாது. வண்டு மொய்த்த மலரை ஈசனுக்குச் சாற்ற அவர் மனம் ஒப்பவில்லை. பொழுது புலர்ந்தால் வண்டுகள் முந்திக்கொள்ளும். இருட்டில் மரமேறினாலோ கால் வழுக்கும். ஆகவே வழுக்காத புலிக்கால்களை இறைவனிடம் வேண்டிப் பெற்றார். புலிக்கால் முனிவர் என்றே பெயரும் பெற்றார்.

மன்னார்குடிக்கு அருகில் உள்ள திருவண்டுதுறைக்குச் சென்றால் வேறொரு வரலாற்றைச் சொல்வார்கள். பிருங்கி முனிவர் வண்டின் உருவம் கொண்டு வழிபட்ட தலம் அது. அங்கே உறையும் பெருமானுக்கு வண்டுறைநாதர் என்றே திருநாமம்.

ஒரு தலத்தில் முனிவர் வண்டுக்கு முன்பாக ஓடினார். மற்றொரு தலத்தில் முனிவரே வண்டாகி வந்தார். இரண்டையும் நம் முன்னோர் பக்தியென்றே போற்றினர். பூப்பறிக்கும் கைக்கும் பூவை நாடி வரும் பூச்சிக்கும் உள்ள இந்தப் பழைய வழக்கு, இன்றும் நம் வீட்டுத் துளசி மாடத்தருகே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தீர்க்க எளிய வழி ஒன்றைக் கற்பித்தது ரணகள்ளி என்னும் செடி.

நான் செய்த பிழை

எங்கள் வீட்டு முற்றத்தில் துளசிக்குப் பக்கத்தில் ரணகள்ளித் தொட்டி ஒன்று நெடுங்காலமாக உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேணியதில்லை. துளசிக்கு விட்ட நீரில் மிஞ்சியது அதற்குப் போகும், அவ்வளவே. ஓர் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், அதன் தடித்த இலைகள் சிலவற்றில் தோல் வெளுத்து, உள்ளே காற்றுப் புகுந்ததுபோல் உப்பியிருந்தது. தோலுக்கு அடியில் கரிய துகள்கள் வரிவரியாகத் தெரிந்தன. ஏதோ நோய் என்று எண்ணி, அந்த இலைகளையெல்லாம் கிள்ளிக் குப்பையில் இட்டுவிட்டேன்.

அது நோயன்று என்பதைப் பிறகே அறிந்தேன். ஒவ்வோர் இலைக்குள்ளும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் குழந்தை இருந்திருக்கிறது. பூஜையறைக்குப் போகும் வழியில், செய்வது இன்னதென்று அறியாமலேயே அவற்றின் வாழ்வை முடித்துவிட்டேன். அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

இலையே வித்து

ரணகள்ளி என்ற பெயரில் கள்ளி இருந்தாலும் இதற்கு முள் இல்லை. உடைத்தால் பாலும் வடியாது. சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட பல்லாண்டுச் செடி. இரண்டு மூன்று அடி உயரம் வளரும். இலையின் விளிம்பு அரம்போல் வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டு ஒவ்வொன்றும் ஒரு கரு. இலையைப் பறித்து மண்ணின் மேல் வெறுமனே கிடத்தினால் போதும். சில வாரங்களில் விளிம்பைச் சுற்றிச் சிறு செடிகள் வேரும் தளிருமாக எழும். நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் குட்டிச் செடிகள் முளைக்கும் என்பதால், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று ஒரு வேடிக்கைப் பெயரும் இதற்கு உண்டு.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. எனினும் இதே குலத்தைச் சேர்ந்த வேறு சில செடிகள் நம் நாட்டு மலைகளின் பாறையிடுக்குகளில் இயற்கையாகவே வளர்கின்றன. ஆகவே இச்செடியை நாடும் வண்ணத்துப்பூச்சி வேற்று நாட்டு விருந்தாளியன்று. நம் மண்ணுக்கே உரியது.

தரங்கம்பாடிக்கு வந்தவர் கண்ட உண்மை

இச்செடியைப் பற்றிய ஓர் அரிய உண்மை நம் நாட்டில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவச் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகவும் தாவர ஆய்வாளராகவும் விளங்கியவர் பெஞ்சமின் ஹைன். ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று அவர் கண்டார். அதை 1813ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். ஒரே இலை ஒரே நாளில் சுவை மாறுவது எதனால் என்ற கேள்வி அதன்பின் அறிஞர்கள் பலரை ஆட்கொண்டது.

விடை இதுதான். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும்; அப்போது ஈரமும் வெளியேறிவிடும். ரணகள்ளியோ பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, புளிப்பான அமிலமாக இலைக்குள் சேமிக்கிறது. விடிந்தபின், மூடிய கதவுக்குள் இருந்தபடி அந்தச் சேமிப்பை எடுத்துச் சூரிய ஒளியில் உணவாக்குகிறது. எனவே அதிகாலையில் புளிப்பு மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கிறது. வாரம் முழுவதும் நீர் விடாவிட்டாலும் இச்செடி வாடாமல் நிற்பதன் இரகசியமும் இதுவே. ஹைன் செய்ததுபோல் நாம் வாயிலிட்டுப் பார்க்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நெடிய இரவில் அரும்பும் மலர்

மல்லிகை சித்திரை, வைகாசியில் பொங்கும். அரளிக்கு வெயில்தான் வேண்டும். அவையெல்லாம் ஓய்ந்த பிறகே ரணகள்ளி அரும்பெடுக்கும். இரவு நீளத் தொடங்கும்போது அதன் நுனியில் தண்டு எழும். பெரும்பாலும் மார்கழியை ஒட்டி மொட்டுகள் தோன்றி, தை, மாசியில் மலரும். பசுமையும் செம்மையும் கலந்த நீண்ட மலர்கள் சிறு மணிகளைக் கோத்ததுபோல் தலைகீழாகத் தொங்கும்.

சென்னையில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். மார்கழிப் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். கடிகாரம் பார்த்து நாம் உணரும் இந்த வேறுபாட்டை, கண்ணில்லாத ஒரு செடி தன் இலையால் உணர்கிறது. தட்சிணாயனத்தின் நெடிய இரவுகளை எண்ணியிருந்து, உத்தராயணம் பிறக்கும் வேளையில் மணிகளைக் கட்டுகிறது. காலம் கடந்து மலர்வதும் ஒரு மலர்ச்சிதான் என்பதை, நம்மைப் போல் வயதில் மூத்தவர்களுக்கு அது சொல்லாமல் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரவு இருட்டாக இருந்தால்தான் அது நெடிய இரவு என்று செடிக்குத் தெரியும். தெருவிளக்கோ வாசல் விளக்கோ விடிய விடிய மேலே எரிந்தால் அரும்பு தோன்றாமலே போகலாம். பூக்கவில்லையே என்று உரம் இடுவதற்கு முன், தொட்டியை இருளான மூலைக்கு நகர்த்திப் பாருங்கள்.

இலைக்குள் ஒரு வாசம்

இனி அந்த வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். இறகை விரித்தால் 3 முதல் 3.5 சென்டிமீட்டர்தான் இருக்கும். மேற்புறம் கரிய நிறம். பின்னிறகில் செம்மஞ்சள் திட்டு. இறகைக் கூப்பி அமர்ந்தால், திருநீற்று வெண்மையில் மையிட்ட புள்ளிகளும் ஓரத்தில் குங்குமச் செம்மையும் தெரியும். உயரப் பறக்காது, வேகமும் இல்லை. தரையை ஒட்டி, நின்று நின்று பறக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கழுத்தை நிமிர்த்தாமலே கண்டு மகிழலாம்.

பெண் பூச்சி ரணகள்ளி இலையின் மேல் முட்டையிடும். பொரிந்து வரும் புழு, மற்றப் புழுக்களைப் போல் இலையின் ஓரத்தைக் கடிப்பதில்லை. நேரே இலைக்குள் துளைத்துப் புகுந்துவிடும். இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் சுவர்களாக நிற்க, நடுவில் உள்ள சதையை உண்டு அங்கேயே வளரும். உணவும் அதுவே, வீடும் அதுவே. நான் நோயென்று எண்ணிய உப்பலும் கரிய துகள்களும் இந்த வாசத்தின் அடையாளங்கள்தாம். வளர்ந்தபின் வெளியே வந்து, தண்டிலோ அருகிலோ கூட்டுப்புழுவாய் ஒட்டிக்கொண்டு அசையாதிருக்கும். பின்னர் ஒரு காலையில் இறகு விரியும்.

இப்பூச்சி இச்செடிக்கு வருவது பெரிதும் பூவுக்காக அன்று, இலைக்காகவே. ரணகள்ளியின் நீண்ட மலர்களை அலகு நீண்ட தேன்சிட்டுகள் நாடும். இச்சிறு பூச்சிக்குத் தேன் தருபவை, நாம் களையென்று பிடுங்கும் வெட்டுக்காயப் பூண்டு போன்ற சின்னஞ்சிறு பூக்கள். ஆகவே தொட்டியின் அருகே ஓரடி நிலத்தையாவது கொத்தாமல் விட்டுவைப்பது நலம்.

வளர்க்கும் முறை

முதிய அன்பர்கள் பலர், குனிந்து கொத்தவும் குடம் சுமக்கவும் இயலவில்லை, இனி நந்தவனப் பணி நமக்கில்லை என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஏற்ற செடி இது. பூங்கன்று விற்பவரிடம் தேட வேண்டியதும் இல்லை. அண்டை வீட்டில் ஓர் இலை கேட்டு வாங்கினால் போதும்.

அரையடி ஆழமுள்ள, அடியில் துளையிட்ட மண்தொட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு கலந்து நிரப்புங்கள். இலையை மண்ணின் மேல் படியுமாறு கிடத்தி, நடுவில் ஒரு சிறு கல்லை வைத்து, லேசாக நீர் தெளியுங்கள். புதைக்க வேண்டாம். குட்டிச் செடிகள் இரண்டு விரற்கடை உயர்ந்ததும் தனித்தனியாகப் பிரித்து நடலாம்.

காலை வெயில் படும் இடம் உகந்தது. மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். இச்செடி வாடி இறப்பதைவிட, அன்பு மிகுந்து நாம் விடும் நீரால் வேரழுகி இறப்பதே அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். பூத்து முடிந்த தண்டைக் கீழே நறுக்கிவிட்டால் பக்கக் கிளைகள் எழும். மாவுப்பூச்சி தென்பட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். எந்தப் பூச்சிமருந்தும் கூடாது. இலைக்குள் இருப்பது நம் விருந்தாளி.

ஒரு தொட்டி போதாது, மூன்றாவது வையுங்கள். புழுக்கள் ஒரு செடியின் இலைகளைத் தின்று தீர்த்தாலும், மற்றவை பூக்கவும் முதற்செடி மீண்டும் தளிர்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

சில எச்சரிக்கைகள்

சிறுநீரகக் கல்லுக்கு இந்த இலையை மென்று தின்னும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இச்செடியில் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் உள்ளன. இதய நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணவே கூடாது. மற்றவர்களும் தாமாகவே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம்.

இதே காரணத்தால் ஆடு மாடுகளுக்கும் இது நஞ்சு. அதிலும் பூ கொடியது. நறுக்கிய தண்டையும் பூவையும் பசுந்தழை என்று எண்ணிக் கோசாலைப் பசுவுக்கு இட்டுவிடாதீர்கள். கோபூஜை செய்யும் கையால் அந்தப் பிழை நேரலாகாது.

உதிர்ந்த இலைகளை மலையடிவாரத்திலோ காட்டோரத்திலோ கொட்டவும் கூடாது. ஓரிலையே நூறு செடியாகும் இயல்புடையது. அங்குள்ள செடிகளை நெருக்கிவிடும். கிரிவலப் பாதைகளுக்கு அருகில் வசிப்போர் இதைச் சிறப்பாக மனத்தில் கொள்ள வேண்டும்.

வில்வத்தில் வரும் விருந்தாளி

ரணகள்ளி ஒரு தொடக்கமே. ஈசனுக்கு உகந்த வில்வத்தின் இளந்தளிரை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சி உண்டு; எலுமிச்சைச் செடியிலும் அதுவே வளரும். அதன் இளம்புழு பறவையின் எச்சம்போலவே தோன்றிப் பறவைகளை ஏமாற்றும். விநாயகருக்கு மாலையாகும் எருக்கிலையை உண்டு, செம்பழுப்பு நிறச் சிறகோடு எழுகிறது இன்னொன்று. அரளியின் இலையிலும் ஒன்று வளர்கிறது. நாம் இறைவனுக்கென்று நட்ட மரம் செடிகளில், நமக்கு முன்பே அவை இடம் பிடித்திருக்கின்றன.

புழு அரித்த பூவும் இலையும் பூஜைக்கு ஆகா என்பது விதி. அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் அந்த விதிக்கு அஞ்சி, துளசியிலும் வில்வத்திலும் நஞ்சு தெளிப்போர் இன்று உள்ளனர். அந்தத் துளசியைத் தீர்த்தத்தில் இட்டு நாமே பருகுகிறோம். பேரக்குழந்தைகளின் உள்ளங்கையிலும் வார்க்கிறோம். அந்த வில்வமே ஈசன் திருமேனியைத் தொடுகிறது. புழு தீண்டியதை விலக்கத் தெரிந்த நாம், நஞ்சு தீண்டியதைச் சாற்றலாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி நம் மரபிலேயே இருக்கிறது. துவாதசியன்று துளசியைப் பறிப்பதில்லை. அமாவாசையிலும் சோமவாரத்திலும் வில்வத்தைப் பறிப்பதில்லை. முன்னாளே பறித்து வைத்துக்கொள்கிறோம். பறிப்பது மட்டுமன்று, பறிக்காமல் விடுவதும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்றே பெரியோர் வகுத்திருக்கிறார்கள். அந்த நோன்பைச் சற்றே நீட்டி, ஒரு கிளையையோ ஒரு தொட்டியையோ எந்நாளும் பறிக்காமல் விட்டுவைத்தால் என்ன?

பெரியோர் காட்டிய வழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்துத் திருமாலுக்கு மாலை கட்டினர். திருப்புகலூரில் முருக நாயனார், மரத்தின் பூ, கொடியின் பூ, நீரின் பூ, நிலத்தின் பூ என நால்வகை மலர்களையும் தேடிப் பறித்துச் சாற்றினார். அந்தப் பூக்கள் அனைத்தின் பின்னாலும் வண்டும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் ஓயாது உழைத்த உழைப்பு இருந்தது. மகரந்தம் சுமக்கும் அவை இல்லாவிட்டால் காய் ஏது, வித்து ஏது, அடுத்த தலைமுறை நந்தவனம் ஏது?

திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாகி வழிபட்டார்கள். திருவானைக்காவில் சிலந்தி கட்டிய பந்தல் இறைவனுக்கு நிழலாயிற்று. ஸ்ரீமத் பாகவதத்தின் பதினொன்றாம் ஸ்கந்தத்தில், யது மன்னனுக்குத் தம் இருபத்து நான்கு குருமார்களைக் கூறும் அவதூதர், தேனீயையும் விட்டிலையும் சிலந்தியையும் குளவியையும் அந்த வரிசையில் வைக்கிறார். நாள்தோறும் சிவபுராணம் ஓதுவோருக்கு, நாம் கடந்து வந்த பிறவிகளில் புழுவும் ஒன்று என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

திருவரங்கம் செல்லும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலூரில், தமிழக வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அரங்கனைச் சேவித்த பின் பேரக்குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். எந்தச் செடியில் எந்தப் புழு வளரும் என்பதை நேரில் காட்டலாம். ஊர் திரும்பியதும் அவர்கள் கையாலேயே ஒரு ரணகள்ளி இலையை மண்ணில் கிடத்தச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ரணகள்ளித் தொட்டிகள் மூன்று. விடியற்காலையில் துளசிக்கு நீர் வார்த்தபின் அவற்றையும் ஒரு முறை பார்க்கிறேன். உப்பிய இலை கண்ணில் பட்டால் கை இப்போது கிள்ளப் போவதில்லை. பூக்குடலையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த இலை கீழே விழாதபடி தொட்டியைச் சுவரோரம் சற்றே நகர்த்திவிட்டு, மற்றச் செடியில் பூப்பறிக்கப் போகிறேன்.